ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவோம்?



கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மும்பையிலுள்ள நம் தமிழ்ச் சபைகளில் புதிய முகங்களைக் காணலாம். வெள்ளை வேட்டி உடுத்திய முதியவர்களும், பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டிய தாய்மார்களும், கூச்சத்தோடு பேரப்பிள்ளைகளின் அருகில் அமர்ந்திருப்பார்கள். திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஒன்றரை நாளுக்கு மேல் ரயிலில் பயணம் செய்து, புளிச்சாதமும் கருப்பட்டியும் முறுக்கும் சுமந்து வந்தவர்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களுடைய பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பாஸ்டர், அப்பா அம்மா வந்திருக்காங்க. நாலு நாள்தான் லீவு கிடைச்சிருக்கு. எங்கெல்லாம் கூட்டிட்டுப் போகலாம்?"

வேதாகமக் கல்லூரிப் படிப்பை முடித்து நான் இந்நகரத்திற்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. இம்முறை அதை எழுத்தில் தந்துவிட்டால் பலருக்கும் உதவியாயிருக்கும் என்று எண்ணுகிறேன். பார்க்கத்தக்க இடங்களைச் சொல்வதோடு, நாம் வழக்கமாகக் காட்டாமல் விட்டுவிடும் ஓர் இடத்தைப் பற்றியும் இதில் எழுதவேண்டியிருக்கிறது.

புறப்படுமுன் சில ஆலோசனைகள்

முதலாவது, காலம். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரமே நீரில் நின்றதை நம்மில் பலர் மறக்கவில்லை. வயதானவர்களை அழைப்பதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே நல்லவை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை முன்னிட்டு மே மாதத்தில்தான் வரமுடியும் என்றால், காலை பத்து மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் வெளியே செல்லும்படி திட்டமிடுங்கள்.

இரண்டாவது, லோக்கல் ரயில். காலையில் தெற்கு நோக்கியும் மாலையில் வடக்கு நோக்கியும் செல்லும் வண்டிகளில் பழக்கமில்லாதவர்களை ஏற்றவேண்டாம். காலையில் அலுவலகக் கூட்டம் தணிந்தபின் புறப்பட்டு, மாலைக் கூட்டம் தொடங்குமுன் திரும்பிவிடுவது நல்லது. ஸ்லோ வண்டி எல்லா நிலையங்களிலும் நிற்கும். பாஸ்ட் வண்டி சிலவற்றில் மட்டுமே நிற்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால் சயானில் இறங்கவேண்டியவர் தாதர்வரை போய்விடுவதுண்டு. தாய்மார்கள் பெண்கள் பெட்டியில் ஏறினால், இறங்கவேண்டிய நிலையத்தின் பெயரையும் அதற்கு முந்தைய நிலையத்தின் பெயரையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். மகனுடைய கைபேசி எண்ணும் அதே தாளில் இருக்கட்டும். தொலைந்துபோன ஒரு தாயாரைக் குர்லா நிலையத்தில் இரண்டு மணி நேரம் தேடிய அனுபவம் எங்கள் சபைக்கு உண்டு. அந்த அம்மாவின் கையில் அன்று எந்தத் தாளும் இல்லை. மகனுடைய எண்ணும் மனப்பாடமாக இல்லை.

மூன்றாவது, கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பணிக்காக மெகா பிளாக் என்று சொல்லிப் பல மணி நேரம் சில வழித்தடங்களை நிறுத்திவிடுவார்கள். முந்தின நாளே விசாரித்துக்கொள்ளவேண்டும். எலிபெண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பைகுல்லாவிலுள்ள உயிரியல் பூங்காவும் அதன் அருகிலுள்ள பாவ் தாஜி லாட் அருங்காட்சியகமும் புதன்கிழமை திறப்பதில்லை. சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே ஆட்டோ ரிக்‌ஷா ஓடாது. அங்கே டாக்சியும் பேருந்தும்தான்.

நகரம் காட்டும் நகரம்

ஒரு முழு நாளைத் தென்மும்பைக்கு ஒதுக்குங்கள். தாராவியிலும் மாஹிமிலும் இருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. தரைக்கு அடியில் ஓடும் மூன்றாம் மெட்ரோ வழித்தடத்தில் 2025 மே மாதம் தாராவி நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அந்த வழித்தடம் கப் பரேட் வரை முழுமையடைந்தது. ஏறி அமர்ந்தால் சி.எஸ்.எம்.டி.யிலோ ஹுதாத்மா சவுக்கிலோ இறங்கலாம். மின்படிக்கட்டில் கால்வைக்கத் தயங்கும் முதியவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது.

ரயில் நிலையத்திலிருந்தே தொடங்குங்கள். நாம் இன்னும் பழக்கத்தில் வி.டி. என்று சொல்லும் அந்தக் கட்டடம், ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடத்தின்படி 1878 இல் தொடங்கி ஏறக்குறைய பத்து ஆண்டுகளில் எழுப்பப்பட்டது. 2004 இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இந்த இடத்திற்கு அருகிலிருந்த போரிபந்தரிலிருந்துதான் 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தானே நோக்கிப் புறப்பட்டது. பதினான்கு பெட்டிகள், மூன்று எஞ்சின்கள், ஏறக்குறைய 400 பேர். நம்முடைய தகப்பன்மார் தகரப்பெட்டியோடு வந்து இறங்கிய தண்டவாளங்களின் தொடக்கம் அதுவே என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கிராபோர்டு மார்க்கெட் இருக்கிறது. 1869 இல் கட்டிமுடிக்கப்பட்ட சந்தை. ஊருக்குத் திரும்புகிறவர்கள் உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும் வாங்க ஏற்ற இடம். ஆனால் முதலில் சொன்ன விலைக்கு வாங்கிவிடாதீர்கள். எதிர்த்திசையில் கோட்டைப் பகுதிக்குள் நடந்தால் புனித தோமா பேராலயம். 1676 இல் அடித்தளமிடப்பட்டு, நீண்டகாலம் சுவர்களோடு நின்றுபோய், 1718 கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்டது. இந்த ஆலயத்திற்குச் செல்லும் கோட்டை வாசலின் பெயர்தான் சர்ச்கேட் நிலையத்திற்கு வந்தது. தினமும் அந்தப் பெயரைச் சொல்லி ரயில் ஏறுகிறவர்களில் அதற்குரிய ஆலயத்தைக் கண்டவர்கள் மிகச் சிலரே. உள்ளே சுவர்களில் பதித்த கல்வெட்டுகளை நிதானமாக வாசித்துப் பாருங்கள். கடல் கடந்து வந்து, நோயினாலும் போரினாலும் இளவயதிலேயே மரித்தவர்களின் பெயர்கள் அவற்றில் உண்டு. பிழைக்க வந்த ஊரில் அடக்கம்பண்ணப்படும் வேதனை அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

கேட்வே ஆப் இந்தியா, 1911 இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் வந்திறங்கியதின் நினைவாகக் கட்டத் தொடங்கி 1924 இல் திறக்கப்பட்ட வளைவு. அதே வளைவின் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி ஆங்கிலேயப் படைப்பிரிவு கப்பலேறிப் புறப்பட்டது. வரவேற்பதற்காகக் கட்டிய வாசல் இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள் வழியனுப்பும் வாசலாயிற்று. இதை அங்கே நின்று சொல்லும்போது முதியவர்கள் தலையசைத்துச் சிரிப்பார்கள். அங்கிருந்து எலிபெண்டாவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாறையைக் குடைந்து செய்த பெரும் சிற்பங்கள். கல்வேலை அறிந்தவர்கள் வியந்து நிற்பார்கள். 2024 டிசம்பர் 18 அன்று எலிபெண்டா சென்ற பயணிகள் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பலர் உயிரிழந்ததை நினைவில் வைத்து, உயிர்காப்பு உடை அணியாமல் ஒருவரையும் படகில் உட்காரவிடாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அங்குள்ள படிகள் கடினம்.

மாலையில் மெரின் டிரைவ். கடலைப் பார்த்துக் கல்மேடையில் உட்காருவதற்குக் கட்டணம் இல்லை. கிர்காவ் சௌபாத்தி வரை நடந்தால் இருவரைப் பற்றிப் பேசலாம். கடற்கரைக்கு எதிரே நிற்கும் வில்சன் கல்லூரி, ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனெரி ஜான் வில்சன் 1832 இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது. இதே சௌபாத்திப் பகுதியில்தான் 1889 மார்ச் மாதம் பண்டித ரமாபாய் அம்மையார் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் திறந்தார்கள். பின்பு அது பூனாவுக்குச் சென்றது. அவர்கள் கேட்காவில் நிறுவிய முக்தி மிஷனில் 1905 இல் உண்டான எழுப்புதலை நம் சபையார் அறிவார்கள். அந்தப் பணியின் ஆரம்பம் பேல்பூரி விற்கும் இந்தக் கடற்கரையோரம் என்பதைப் பலர் அறியார்கள்.

ஜுஹு, தொங்கும் தோட்டம், பாந்திரா–வொர்லி கடற்பாலம் ஆகியவற்றைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. சிறு பிள்ளைகள் இருந்தால் பைகுல்லா பூங்காவில் 2016 இல் தென்கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பென்குயின் பறவைகளைக் காட்டுங்கள். பனங்காட்டில் பிறந்த பாட்டியும் குளிர்க்கண்ணாடிக்கு உள்ளே நிற்கும் அந்தப் பறவையும் ஒருவரையொருவர் உற்றுப் பார்ப்பது நல்ல காட்சி.

மாட்டுங்கா: எழுத்தர்கள் கட்டிய ஊர்

அடுத்த நாளை நம்மவர்கள் வாழ்ந்த இடங்களுக்குக் கொடுங்கள். 1896 இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்க 1898 இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசு அமைத்தது. அது திட்டமிட்டு உருவாக்கிய குடியிருப்புகளில் ஒன்று தாதர்–மாட்டுங்கா. அகன்ற சாலைகள், மரங்கள், ஐந்து தோட்டங்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அலுவலக வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் இங்கே குடியேறினார்கள். 1932 இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் உருவாயிற்று. 1952 இல் தொடங்கிய சண்முகானந்த சபை 1963 இல் தன் பெரிய அரங்கத்தைத் திறந்தது. 1990 இல் அது தீக்கிரையாகி, 1998 இல் மீண்டும் எழுந்தது.

மாட்டுங்கா நிலையத்தில் இறங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2017 ஜூலையிலிருந்து அந்த நிலையத்தைப் பெண் பணியாளர்களே நடத்துகிறார்கள். பயணச்சீட்டு கொடுப்பதும் பரிசோதிப்பதும் பாதுகாப்பும் அவர்களே. புறநகர் நிலையங்களில் அவ்வாறு அமைந்தது அதுவே முதலாவது. ஊரிலிருந்து வந்த பெண் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் காட்டும் காட்சி அது.

நிலையத்திற்கு அருகில் வாழையிலையும் மல்லிகையும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் விற்கும் கடைகள் உண்டு. பகல் உணவுக்கு, 1942 இல் தொடங்கிய ராம நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940 இல் தொடங்கிய கபே மெட்ராஸ் இருக்கிறது. ஞாயிறு காலையில் அதன் வாசலில் வரிசை நிற்கும். பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் இவற்றைத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் உடுப்பி, மங்களூர்ப் பகுதியினர். தமிழர்களும் கன்னடர்களும் மலையாளிகளும் சேர்ந்து இருந்ததையெல்லாம் அன்றைய பம்பாய் ஒரே சொல்லில் "மதராசி" என்று அழைத்தது. 1966 இல் சிவசேனை தொடங்கியபின் அந்தச் சொல் வசைச்சொல்லாகி, தென்னிந்தியர்களின் கடைகள் தாக்கப்பட்ட காலமும் இருந்தது. அதைக் கண்ட முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

செம்பூர்: ஆலைகளும் பறவைகளும்

லோகமான்ய திலக் முனையத்தில் வந்திறங்குகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது செம்பூர்ப் பக்கம். 1947 இல் நாடு பிரிக்கப்பட்டபோது வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்கு முகாம் அமைக்கப்பட்ட இடம் அது. செம்பூர் கேம்ப் என்ற பெயர் அதனால்தான் நிலைத்தது. 1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1954 இல் அணுசக்தி நிலையம் தொடங்கி, 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா உலை இயங்கிற்று. பின்னர் உரத்தொழிற்சாலை வந்தது. இவற்றில் வேலை கிடைத்த தமிழ்க் குடும்பங்கள் செம்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பெருகின. தாராவியில் ஓர் அறையில் வளர்ந்து, படித்து, ஆலையில் சேர்ந்து, செம்பூரில் இரண்டு அறை வாங்கியவர்களின் கதைகள் நம் சபைகளில் எத்தனையோ உண்டு.

ஆலைகளுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். ஆனால் நவம்பர் முதல் மே வரை மாஹுல் ஓடையிலும் சிவ்ரியிலும் தானே கழிமுகத்திலும் பூநாரைகள் கூட்டங்கூட்டமாய் வந்து சேற்றில் இரை தேடும். நீர் வற்றும் நேரம் எது என்று கேட்டுச் செல்லவேண்டும். இளஞ்சிவப்புப் பறவைகளுக்குப் பின்னால் ஆலைப் புகைபோக்கிகள் நிற்பது இந்நகரத்தின் உண்மையான தோற்றம். செம்பூரிலிருந்து 2014 இல் ஓடத் தொடங்கிய மோனோ ரயிலில் பிள்ளைகளை ஏற்றலாம் என்று புறப்படுகிறவர்கள் முதலில் விசாரியுங்கள். 2025 செப்டம்பரில் சீரமைப்புக்காக அதை நிறுத்தினார்கள்.

அதே மாஹுலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நகரத்தின் பிற இடங்களில் வீடுகள் இடிக்கப்பட்டவர்களை அங்கே அடுக்கு வீடுகளில் குடியமர்த்தினார்கள். காற்று மாசினால் நோயுற்ற மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். அங்கேதான் வாழவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 2019 இல் உயர்நீதிமன்றம் கூறியது. வீடு கிடைப்பதும் வாழ்வு கிடைப்பதும் ஒன்றல்ல என்பதை மும்பை அறிந்திருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு தாராவிக்கு வருவோம்.

நாம் காட்டாமல் விடும் இடம்

பிரியமானவர்களே, என்னிடம் வந்து இடங்களின் பட்டியல் கேட்கிறவர்களில் பலர் தாராவியில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எழுதிக்கொள்ளும் பட்டியலில் தாராவி இருப்பதில்லை. விருந்தினரைச் செம்பூரிலோ முலுண்டிலோ உள்ள உறவினர் வீட்டில் தங்கவைத்து, கடலும் பாலமும் காட்டி, அப்படியே ரயிலேற்றிவிடுகிறவர்களை நான் அறிவேன். ஊரில் "சயான் பக்கம்" என்று சொல்லிவைத்திருப்பார்கள். அது பொய்யில்லை, சயான் பக்கத்தில்தான் தாராவி இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபையின் இளைஞன் ஒருவன் இப்படியே செய்தான். தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை. பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிச் செல்லும் ஒரு கோலியில் நான்கு பேராக வாசம். தகப்பனார் நாங்குநேரிப் பக்கத்தில் பனையேறியவர். மூன்று நாள் நகரத்தைச் சுற்றிக் காட்டினான். நான்காம் நாள் காலையில் என்னிடம் வந்து, "பாஸ்டர், அப்பா ரூமைப் பார்க்கணும்னு பிடிவாதமா இருக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லி ஊருக்கு அனுப்பிவையுங்க" என்றான். நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. தகப்பனாரையும் அவனையும் கூட்டிக்கொண்டு தொண்ணூறடிச் சாலையிலிருந்து சந்துக்குள் நடந்தேன். வழியில் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஏல, கடல நான் உவரியிலயே பாத்திருக்கேன். நீ படுக்குற எடத்தப் பாக்காம போனா உங்கம்மகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

ஏணியின் அடியில் வந்ததும் மகன் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். பெரியவர் கயிற்றைத் தொடவில்லை. "பனையில ஏறுனவனுக்கு இது ஒரு ஏணியா?" என்று சொல்லி மேலே போய்விட்டார். மேலே மடித்துவைத்த பாய்கள், ஒரு மின்விசிறி, சுவரில் ஆணியில் மாட்டிய நான்கு சட்டைகள். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு கீழே இறங்கி மகனுடைய தையல் எந்திரத்தருகே அமர்ந்து, அவன் தைத்த பை ஒன்றை எடுத்து, தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "இது நீ தச்சதா?" என்று கேட்டார். மகன் தலையாட்டினான். "நல்லா நேரா இருக்கு" என்றார். அந்த வார்த்தைக்காக அவன் எத்தனை நாள் காத்திருந்தானோ, முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதன்பின் அவன் ஊருக்குப் பேசும்போது எதையும் மறைப்பதில்லை. வாடகை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று தகப்பனார் கேட்கிறார், இவனும் சொல்லுகிறான்.

தாராவியில் எதைப் பார்ப்பது?

பார்ப்பதற்கு அங்கே நிறைய இருக்கிறது. பேருந்துப் பணிமனைக்கு அருகே காலா கில்லா என்னும் சிறு கோட்டை நிற்கிறது. 1737 இல் ஆளுநர் ஜான் ஹார்ன் கட்டளைப்படி கட்டியதாக அதில் கல்வெட்டு உண்டு. தாராவி முதலில் கோலி மீனவர்களின் ஊர். கோலிவாடா இன்னும் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், 1887 வாக்கில், தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும், அவர்களுக்குப் பின் தொழிலாளர்களும் வந்தார்கள். தோல் ஊறவைக்கும் வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டது. பை, பெல்ட் தைக்கும் பட்டறைகள் நிலைத்தன. கும்பார்வாடாவில் சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் சூளை வைக்கிறார்கள். பழைய பிளாஸ்டிக்கைத் தரம்பிரித்து அரைத்து மணியாக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அதிகாலையில் போனால், இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரமெங்கும் புறப்படும் நம்மவர்களைக் காணலாம். மாநகராட்சி தமிழ்வழியிலும் பள்ளிகள் நடத்துகிறது என்பது ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆச்சரியமாயிருக்கும்.

சாலையைக் கடந்தால் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. ஏறக்குறைய 37 ஏக்கர். நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு அது. 1983 இல் பறவையியலாளர் சலீம் அலி அங்கே முதல் மரத்தை நட்டார். இன்று அங்கே காடு நிற்கிறது. நடந்து களைத்த பெற்றோரை உட்காரவைக்க இதைவிட நல்ல இடம் அருகில் இல்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. வெளிநாட்டார் பணம் கட்டி, வழிகாட்டியோடு தாராவிக்குள் நடந்து பார்க்கிறார்கள். 2005 ஆம் ஆண்டுவாக்கில் இது தொடங்கிற்று. அங்குள்ள மக்களின் மரியாதையைக் கருதிப் புகைப்படம் எடுக்கக்கூடாது என்று விதி வைத்த குழுவும் உண்டு. அயலார் பணம் கொடுத்துப் பார்க்கும் உழைப்பைப் பெற்ற தகப்பனுக்கு நாம் மறைப்பது முறையா? அதே வேளையில் நம் விருந்தினரும் அந்த விதியை அறியட்டும். பிறர் வீட்டு வாசலில் நின்று, அனுமதியின்றிக் கைபேசியை நீட்டவேண்டாம்.

காலம் குறுகினது

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தாராவியை மறுசீரமைக்கும் திட்டம் 2004 முதல் பேசப்பட்டுவந்தது. 2022 நவம்பரில் அதானி குழுமம் ஏலத்தில் முன்வந்தது. 2023 ஜூலையில் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கிற்று. 2025 மே மாதம் முதன்மைத் திட்டம் ஏற்கப்பட்டது. 2000 சனவரி 1 க்கு முன் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்கிறார்கள். பின்பு வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியே வேறு ஏற்பாடு. நல்ல கழிப்பறையும் தண்ணீரும் காற்றும் உள்ள வீட்டை நம் மக்கள் எத்தனை காலமாய் விரும்பியிருக்கிறார்கள்! அதே சமயம், வீடும் பட்டறையும் ஒன்றாயிருந்து பிழைத்தவர்களுக்கு நாளை என்னவாகும் என்ற பயமும் நியாயமானதே. இதில் எப்பக்கம் நிற்கவேண்டும் என்று நான் இங்கே சொல்லவரவில்லை. உங்கள் ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் நகல் ஆகியவற்றை ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லுகிறேன்.

எப்படியானாலும், அந்த இரும்பு ஏணிகளும் சந்துகளும் இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கும் என்று ஒருவரும் சொல்லமுடியாது. யோர்தானைக் கடந்த ஜனங்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினார்கள். பின்னாளில் பிள்ளைகள் கேட்டால் சொல்லுவதற்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. நம்முடைய பிள்ளைகளில் பலர் செம்பூரிலும் நவி மும்பையிலும் அடுக்குமாடியில் பிறந்தவர்கள். தாத்தா எந்தச் சந்தில் முதல் இரவு படுத்தார், எந்தக் குழாயில் விடியுமுன் வரிசை நின்றார் என்பதை அவர்கள் அறியார்கள். கல் இன்னும் இடத்தில் இருக்கும்போதே காட்டிவிடுவது நலம்.

ஆகையால் இவ்வருடம் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் நான்கு நாட்களை இப்படிப் பிரியுங்கள். ஒரு நாள் கோட்டையும் கடலும். ஒரு நாள் மாட்டுங்காவும் செம்பூரும். ஒரு நாள் அவர்கள் விரும்புகிறபடி ஓய்வும் ஆராதனையும் உறவினர் வீடும். ஒரு நாள் முழுவதும் உங்களுடையது: நீங்கள் வாழும் அறை, வேலை செய்யும் இடம், தேநீர் குடிக்கும் கடை, உங்களுக்குக் கைகொடுத்த அண்டைவீட்டார். அந்த அண்டைவீட்டார் மராத்தியராயிருந்தாலும் உருது பேசுகிறவராயிருந்தாலும் அவர்களுக்கு உங்கள் தாயாரை அறிமுகம் செய்துவையுங்கள். ஊர் முறுக்கில் நாலு அவர்களுக்கும் கொடுங்கள்.

ஊரிலிருந்து வருகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகனுடைய அறையின் அளவைக் கண்டு முதலில் பேசிவிடாதீர்கள். மாதந்தோறும் உங்களுக்கு வந்த பணம் அந்த அறையிலிருந்துதான் வந்தது. சற்று உட்கார்ந்து, அவன் கையால் ஒரு குவளை தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். பிறகு பேசலாம்.

வருகிறவர்களின் பயணமும், வழியனுப்புகிறவர்களின் வீடும் சமாதானமாயிருப்பதாக.